விழக் கற்போம்!

"பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் கராத்தேயும் ஜூடோவும்?" என்று கேட்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் உண்டு. "இந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்" என்று விடை சொல்லும் வீடுகளும் பெருகி வருகின்றன. முதல் வீட்டார் கலையைக் கண்டு அஞ்சுகின்றனர். இரண்டாம் வீட்டார் தெருவைக் கண்டு அஞ்சுகின்றனர். தற்காப்புக் கலைப் பள்ளி என்றால் அடிக்கக் கற்றுக் கொடுக்கும் இடம் என்று எண்ணுவதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். திரைப்படத்தில் கதாநாயகன் ஒரே மூச்சில் பத்துப் பேரை வீழ்த்துவதையும், விழா மேடையில் கறுப்புப் பெல்ட் அணிந்தவர் ஓடுகளைக் கையால் உடைப்பதையும் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் புதிதாகச் சேரும் ஒரு மாணவி அங்கே முதல் சில மாதங்களில் உண்மையில் என்ன கற்கிறாள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை கூறவே இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறரை வீழ்த்தக் கற்பது பிறகு இருக்கட்டும். தான் விழக் கற்பதற்காகவேனும் ஒவ்வொரு மாணவியும் ஒருமுறை அத்தகைய பள்ளியின் வாசற்படியை மிதிக்க வேண்டும்.

நான் ஜூடோ பயிலத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. என் இடுப்பில் இருப்பது வெள்ளைப் பெல்ட். அது கற்றுக்குட்டியின் அடையாளம். ஆகவே வல்லுநர் போல் பேச எனக்குத் தகுதியில்லை. கற்றுக்குட்டியைப் பற்றிப் பேச ஒரு கற்றுக்குட்டிக்கு உள்ள உரிமையோடு எழுதுகிறேன்.

பன்னிரண்டு பாய்களில் பிறந்த பள்ளி

ஜூடோவைத் தோற்றுவித்தவர் ஜிகோரோ கானோ என்னும் ஜப்பானியர். 1860-ஆம் ஆண்டு பிறந்தவர். மெலிந்த, குட்டையான உடல். பள்ளியில் வலுத்த மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினர். அத்துன்பம் தாளாமல் ஜூஜுத்சு என்ற பழைய போர்க்கலையைக் கற்க ஆசான்களைத் தேடி அலைந்தார். கற்றதிலிருந்து உயிருக்கு ஆபத்தானவற்றை நீக்கி, நல்லனவற்றைத் திரட்டி, 1882-இல் தோக்கியோ நகரில் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அதுவே கோடோகான். அப்போது அவருக்கு வயது 21. பயிற்சிக்கு இருந்த இடம் 12 பாய்கள் விரிக்கும் அளவே. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 9 பேர். அந்தச் சிறு விதைதான் இன்று உலகெங்கும் ஆலமரமாய்ப் பரந்து நிற்கிறது.

'ஜூடோ' என்ற சொல்லுக்கு 'மென்மையின் வழி' என்று பொருள். எதிரியின் வலிமையோடு மோதாமல், அவ்வலிமை செல்லும் திசையிலேயே அவரது நிலையைக் குலைப்பது இக்கலையின் உயிர்நாடி. கானோ தொழிலால் ஓர் ஆசிரியர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றியவர். 1909-இல் உலக ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே. கறுப்புப் பெல்ட் அணியும் வழக்கமும் அவருடைய பள்ளியில் பிறந்து, பின்னர் கராத்தேக்குச் சென்றதாகும். சண்டைக்காரர் ஒருவர் அமைத்த பள்ளியாக இல்லாமல் ஆசிரியர் ஒருவர் அமைத்த பள்ளியாக இருந்ததால்தான், எதை முதலில் கற்பிப்பது என்பதில் அங்கே அவ்வளவு கவனம் செலுத்தப்பட்டது.

முதல் பாடம்

அந்த முதல் பாடத்தின் பெயர் 'உகேமி'. காயமின்றி விழும் முறை என்று அதைச் சொல்லலாம். புதிதாய் வந்த மாணவியை முதலில் விரிப்பின்மேல் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்கள் தன் பெல்ட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும். இரு கைகளையும் உடலிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒருசேர விரிப்பை அறைய வேண்டும். இதையே நூறு முறை செய்த பிறகு, குந்தியிருந்து பின்னால் சாய்ந்து விழ வேண்டும். பிறகு நின்ற நிலையிலிருந்து விழ வேண்டும். அடுத்து வலப்புறம், இடப்புறம். அதன்பின் தோளின் மேலாக உருண்டு முன்னோக்கி விழ வேண்டும். வாரக்கணக்கில் இதுதான் பாடம். யாரையும் தூக்கி எறியலாம் என்ற கனவோடு வந்தவர்களில் சிலர் இதற்குள் சலித்து நின்றுவிடுவதும் உண்டு.

இதற்குக் காரணம் நம் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் மிகும். பெரிய பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். கால் இடறியதும் நாம் என்ன செய்கிறோம்? கையை நீட்டி ஊன்றுகிறோம். முழு உடலின் பாரமும் ஒரு மணிக்கட்டில் இறங்குகிறது. மணிக்கட்டு முறியும், அல்லது அந்த அதிர்ச்சி மேலேறித் தோள்பட்டை எலும்பைத் தாக்கும். பின்னால் விழுந்தாலோ மண்டை தரையில் மோதும். மோவாயை ஒடுக்குவது மண்டையைக் காக்கிறது. கை முழுவதாலும் அறைவது அதிர்ச்சியைப் பரப்பிவிடுகிறது. இயல்பாக வருகின்ற தவறான பழக்கத்தை மறக்கச் செய்து, சரியான பழக்கத்தை உடம்பில் ஏற்றுவதற்குத்தான் அத்தனை நூறு முறை.

இது இளையோருக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. நெதர்லாந்து நாட்டில் நைமேகன் நகரத்து ஆய்வாளர்கள், முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதைக் குறைப்பதற்கான பயிற்சியில் தற்காப்புக் கலையின் விழும் முறைகளையும் சேர்த்துள்ளனர். நம் பாட்டிமாருக்கு உதவக்கூடிய ஒரு கல்வியைப் பேத்திக்கு வேண்டாம் என்று ஒதுக்கலாமா?

விழக்கூடாதவள்

அன்புத் தோழியரே, நாம் வளர்ந்த விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். "ஓடாதே, விழுந்துவிடுவாய்." "மரத்தில் ஏறாதே, கை காலை முறித்துக்கொள்வாய்." "முகத்தில் தழும்பு விழுந்தால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்?" முழங்காலில் சிராய்ப்போடு வரும் தம்பிக்குக் கிடைப்பது ஒரு தட்டு, அதே சிராய்ப்போடு வரும் அக்காவுக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேர அறிவுரை. அன்பினால் சொல்லப்படுவதே என்றாலும், பதினைந்து ஆண்டுகள் இதைக் கேட்டுக் கேட்டு, விழுவதே ஒரு குற்றம் என்ற எண்ணம் நம் நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது.

அந்த எண்ணம் விளையாட்டுத் திடலோடு நின்றுவிடுவதில்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருக்கிறோமே, அது ஏன்? தவறாகிவிட்டால் சிரிப்பார்களே என்ற அச்சம். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி பேச்சுப் போட்டிக்கோ ஓட்டப் போட்டிக்கோ பெயர் கொடுக்கத் தயங்குகிறாள். அங்கே இரண்டாம் இடம் வந்துவிட்டால் என்ன செய்வது? இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் உலகமே இடிந்துவிட்டது போல் மனமுடையும் தோழியரை நாம் அறிவோம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பெரியோர் சொன்னார்கள். சறுக்கிய பின் எப்படி எழுவது என்று மட்டும் நமக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தற்காப்புக் கலைப் பள்ளியில் சேர்ந்த அன்றே நாம் வரிசையின் கடைசிக்குச் சென்றுவிடுகிறோம். அங்கே பெல்ட்டின் நிறப்படி வரிசை அமைகிறது. பள்ளியில் நாம் வாங்கிய பரிசுகளை அங்கே யாரும் கேட்பதில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி மஞ்சள் பெல்ட்டோடு முன்னே நிற்பாள். மேனிலை வகுப்பு மாணவி வெள்ளைப் பெல்ட்டோடு பின்னே நிற்பாள். அச்சிறுமியே, "அக்கா, மோவாயை உள்ளே வையுங்கள்" என்று திருத்துவாள். முதலில் சற்று உறுத்தத்தான் செய்யும். பிறகு அதில் ஒரு நிம்மதி பிறக்கிறது. தெரியாது என்பதை மறைக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. அதை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நிற்கிறோம். நூறு பேர் நடுவே நூறு முறை விழுந்து நூறு முறை எழுந்த பெண்ணுக்கு, வகுப்பில் ஒரு விடை தவறிப்போவது பெரிய விபத்தாகத் தோன்றாது.

இன்னொன்றும் உண்டு. ஜூடோவில் எறிபவர் ஒருவர், எறியப்படுபவர் ஒருவர். எறியப்படுபவர் தன் உடலை நம்பிக் கொடுத்தால்தான் மற்றவர் கற்க முடியும். அதனால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் இருவரும் ஒருவரையொருவர் வணங்குகின்றனர். கறுப்புப் பெல்ட் அணிந்த மூத்தவர்களும் தினந்தோறும் விழுகின்றனர்; புதியவர்கள் கற்பதற்காகவே விழுகின்றனர். உயர உயர விழுவது நின்றுவிடும் என்று எண்ணியிருந்த எனக்கு இது புதுமையாக இருந்தது.

இருமுறை தட்டினால்

இரண்டாவது பாடம் இன்னும் சிறியது. ஆனால் அதன் பொருள் பெரியது. தரையில் ஒருவர் மற்றவரை அழுத்திப் பிடிக்கும் பயிற்சியில், பிடிபட்டவருக்கு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, எதிரியின் உடலையோ விரிப்பையோ இருமுறை தட்ட வேண்டும். தட்டிய அக்கணமே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வி இல்லை. பிடித்தவர் எத்தனை வலியவரானாலும், ஆசிரியரே ஆனாலும், விதி ஒன்றே.

பெண்களாகிய நமக்கு இதன் அருமை தனியாக விளங்கும். பொறுத்துப்போ, வெளியே சொல்லாதே, பெரியவர்கள் எதிரில் வாய் திறக்காதே என்று பழக்கப்பட்டவர்கள் நாம். பேருந்து நெரிசலில் ஒருவன் இடித்துக்கொண்டு நின்றாலும் குரல் எழாமல் இறங்கும் நிறுத்தத்தை எதிர்பார்த்து நிற்கிறோம். 'போதும்' என்பதை உரிய நேரத்தில், தயக்கமின்றித் தெரிவிக்கவும் பயிற்சி வேண்டும். பிறர் 'போதும்' என்றதும் கையை எடுக்கவும் பயிற்சி வேண்டும். முன்னதை நம் பெண்களுக்கும், பின்னதை நம் ஆண்பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கும் இடம் வேறெங்கேனும் இத்தனை தெளிவாக உண்டா? என் தம்பியையும் நான் ஜூடோவில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கதவு திறந்த கதை

இக்கதவு பெண்களுக்கு எளிதில் திறந்துவிடவில்லை. 1893-இல் சுவேகோ அஷியா என்ற பெண்மணிக்குக் கானோ பயிற்சியளிக்கத் தொடங்கினார். கோடோகானில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது 1926-இல்தான். 1935-இல் அங்கே சேர்ந்தவர் கெய்கோ ஃபுகுடா. கானோவின் முதல் ஜூஜுத்சு ஆசான்களுள் ஒருவருடைய பேத்தி. பூ அலங்காரமும் தேநீர்ச் சடங்கும் கற்று அடக்கமாக வளர்ந்த பெண். உயரம் ஐந்தடிகூட இல்லை. அப்பெண்மணி திருமணம் செய்துகொள்ளாமல் ஜூடோவுக்கே தம் வாழ்வை அளித்தார். 1953-இல் கறுப்புப் பெல்ட்டின் ஐந்தாம் படியை அடைந்தார். அதற்கு மேல் பெண்களுக்குப் படியே இல்லை என்பது அந்நாளைய விதி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படியிலேயே நின்றார். பலர் முறையிட்டுக் கடிதம் எழுதிய பின், 1972-இல் ஆறாம் படி கிடைத்தது. அமெரிக்காவில் குடியேறி முதுமையிலும் கற்பித்துக்கொண்டிருந்த அவருக்கு 2011-இல், 98 வயதில், அந்நாட்டு ஜூடோ அமைப்பு மிக உயர்ந்த பத்தாம் படியை அளித்தது. 2013-இல் மறைந்தார்.

அமெரிக்காவிலோ 1959-இல் ரஸ்டி கனோகோகி என்ற பெண் தலைமுடியை ஒட்ட வெட்டி, ஆணைப் போல் தோன்றி, நியூயார்க் மாநிலத்து ஆண்கள் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். பெண் என்பது தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டி 1980-இல் நியூயார்க் நகரில் நடைபெற அவரே முன்னின்று உழைத்தார். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ முழுமையான பதக்கப் போட்டியாயிற்று. அன்று பறித்த பதக்கத்தை 2009-இல், அதாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவரிடமே திரும்ப அளித்தனர்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று ஒதுக்க வேண்டாம். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரியில் காலடி வைத்தவர். பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் களரிப்பயிற்சியை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். மீனாட்சி அம்மாவைத் தந்தையார் நிறுத்தவில்லை. எழுபது வயதைக் கடந்தும் சேலையை வரிந்து கட்டி, வாளும் கேடயமும் ஏந்திக் கற்பித்த அவருக்கு 2017-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. ஒரு தந்தை தடுக்காமல் இருந்ததன் பயன் அது! பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பெற்றோரின் ஐயங்கள்

"உடை நாகரிகமாக இருக்குமா?" இருக்கும். தடித்த பருத்தியாலான முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும்தான் சீருடை. பெண்கள் உள்ளே பனியன் அணிகின்றனர்.

"தேர்வு நேரத்தில் படிப்பு கெடாதா?" வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஆடி ஓடி வியர்த்து வந்தவள் அன்றிரவு நன்றாக உறங்குகிறாள், உறங்கியவள் மறுநாள் நன்றாகப் படிக்கிறாள். என் அனுபவம் இதுவே.

"அடிபடாதா?" இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்குவது நேர்மையாகாது. 2012-இல் ஜப்பான் அரசு நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடமாக்கியபோது, 1983 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோவின்போது 100-க்கும் மேற்பட்ட மாணவர் உயிரிழந்த செய்தி வெளிவந்து நாட்டையே உலுக்கியது. பெரும்பாலும் தலைக்காயங்கள். இறந்தவர்களில் பலர் புதிதாய்ச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள். விழக் கற்கும் முன்பே கற்றுக்குட்டியை வேகமாக வீழ்த்தினால் என்ன நேரும் என்பதை இதைவிடத் துயரமாக எடுத்துக்காட்ட முடியாது. முதல் பாடத்தை அவசரப்படுத்தும் பள்ளியே ஆபத்தான பள்ளி.

ஆகவே பெற்றோரே, மகளைச் சேர்க்குமுன் நேரில் சென்று பாருங்கள். விரிப்புகள் இடைவெளியின்றிச் சேர்ந்திருக்கின்றனவா? புதியவர்களுக்கு விழும் பயிற்சி எத்தனை வாரங்கள்? தட்டியதும் விடுகிறார்களா? தலையில் அடிபட்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புகிறார்களா? ஒழுக்கம் என்ற பெயரில் ஆசிரியர் அடிக்கிறாரா? கற்பிப்பவர்களிலோ மூத்த மாணவர்களிலோ பெண்கள் இருக்கின்றனரா? தாய்மார் அமர்ந்து பார்க்க அனுமதி உண்டா? 'ஒரே ஆண்டில் கறுப்புப் பெல்ட்' என்று விளம்பரம் செய்தால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

தெருவுக்கு அஞ்சி மகளை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் ஜூடோ கற்ற பெண் முரடன் ஒருவனைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்று நம்பாதீர்கள். ஆபத்து வந்தால் கூச்சலிடுவதும் ஓடுவதும் உதவி கேட்பதுமே முதல் வழி. தவறு செய்பவனைத் திருத்தவும் தண்டிக்கவும் வேண்டியது சமுதாயத்தின் கடமை. தற்காப்பு கற்கவில்லையே என்று பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறை சொல்லும் நிலைக்கு இக்கலை ஒருபோதும் கருவியாகக் கூடாது.

நம் பள்ளி நிர்வாகத்திற்கும் அருட்சகோதரியருக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்வதும், அக்கடன் திரும்பி வராமல் போவதும் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதே. வாரம் ஒரு பாடவேளையை மட்டும் கடன் கொடுக்காமல் காத்து, தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரை அழைத்து, ஆறாம் வகுப்பு முதல் எல்லா மாணவியருக்கும் விழும் பயிற்சி அளிக்கலாமே! போட்டி வேண்டாம், பதக்கம் வேண்டாம். சில விரிப்புகளும் ஒரு நல்ல ஆசிரியரும் போதும்.

தோழியரே, நாளை கல்லூரிக்கும் வேலைக்கும் புதுக் குடும்பத்துக்கும் நாம் செல்லும்போது, ஒவ்வொரு வாசலிலும் மீண்டும் கற்றுக்குட்டியாகத்தான் நுழையப் போகிறோம். அங்கெல்லாம் சறுக்கல்கள் காத்திருக்கின்றன. அவற்றைத் தவிர்க்க யாராலும் இயலாது. அடிபடாமல் விழவும், அழாமல் எழவும் இப்போதே பழகுவோம். வெள்ளைப் பெல்ட்டைக் கூச்சமின்றிக் கட்டிக்கொள்வோம்.

விழக் கற்போம்; எழுந்து நிற்போம்!